நெயில் பாலிஷ் போட்ட குவார்ட்டர்பேக்

'ஆட்டிட்யூட்' என்ற சொல் தமிழுக்கு வரும் வழியில் பாதி அர்த்தத்தைத் தொலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு மனப்பாங்கு என்று பொருள். நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். நம் கல்லூரி வராந்தாக்களில் அது திமிர் மட்டும்தான். "அவளுக்கு ரொம்ப ஆட்டிட்யூட்" என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆண்களைப் பற்றியும் சொல்வதுண்டு. அப்போது கூடவே ஒரு விசில் சத்தம் கேட்கும். தமிழ்த் துறையில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவள் என்பதால் ஒரு சொல் எந்த வாயில் எப்படித் திரிகிறது என்று கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தச் சொல்லை நான் அதிகமாகக் கேட்டது தமிழ்நாட்டில் அல்ல. 2023ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் நடுமேற்கில் என் சித்தி மகள் வீட்டு சோஃபாவில்.

அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். வார நாட்களில் வகுப்பு. சனிக்கிழமைகளில் தங்கை வீடு. அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, மென்பொருள்காரர். திருநெல்வேலியிலிருந்து எம்.எஸ். படிக்க ஒரு தென் மாநிலத்துக்குப் போனவர். படிப்பு முடிந்து பதினெட்டு வருடம் ஆகியும் அந்தப் பல்கலைக்கழக அணியின் சட்டையைச் சனிக்கிழமை காலையில் போட்டால் இரவு தூங்கும்போதுதான் கழற்றுவார். காலையில் ஒரு ஆட்டம், மதியம் ஒன்று, இரவில் ஒன்று. சொந்த அணி மட்டுமல்ல, எல்லா அணிகளின் ஆட்டங்களையும் பார்ப்பார். எல்லா அணிகளின் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றியும் அவருக்கு ஒரு தீர்ப்பு உண்டு.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. இரண்டு முனையும் கூரான பந்து, தலைக்கவசம், தோளில் கவசம், அணிக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. அவன் அதை இன்னொருவனிடம் கொடுக்கலாம், தொலைவில் ஓடுகிறவனுக்கு எறியலாம், தானே எடுத்துக்கொண்டு ஓடலாம். எதைச் செய்வதென்று தீர்மானிக்க ஏறத்தாழ மூன்று நொடி இருக்கும். அதற்குள் நூற்றிருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்கைந்து பேர் அவனைத் தரையில் சாய்க்க வந்துகொண்டிருப்பார்கள். வயது பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். என் முதலாமாண்டு மாணவர்களின் வயதில் ஒரு பையன் அத்தனை பேர் முன்னால் நிற்கிறான்.

மாப்பிள்ளையைக் குறை சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. அவரிடம் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியான அனுபவம். "மதினி, பந்தைப் பாக்காதீங்க, அவன் கண்ணைப் பாருங்க. வலது பக்கம் பாத்துக்கிட்டே இடது பக்கம் எறியப் போறான்" என்பார். அப்படியே நடக்கும். பந்து விழப்போகும் இடத்தில் அந்த நேரத்தில் ஆளே இருக்கமாட்டான். ஓடுகிறவன் அங்கே வந்து சேர்வான் என்ற நம்பிக்கையில் வெற்றிடத்தை நோக்கி எறிகிறான். கவிதையில் ஒரு வரியை வாசகர் எங்கே எட்டிப் பிடிப்பார் என்று தெரியாமலே முறிப்பதைப் போன்ற காரியம் அது. எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்துக் கடைசி நொடியில் திட்டத்தையே மாற்றிக் கூவுவதும், விழப்போகிறோம் என்று தெரிந்தும் பந்தை விடாமல் நின்று எறிந்துவிட்டு விழுவதும் திறமைகள். எத்தனை எறிந்தான், எத்தனை போய்ச் சேர்ந்தது, எத்தனை எதிரியின் கையில் சிக்கியது என்று எண்ணிவிடலாம். இந்த அளவில் ரசிகர்கள் கறாரானவர்கள். பெரும்பாலும் நியாயமானவர்களும்கூட.

சிக்கல் எண்ணிக்கை முடிந்தபிறகு வருகிறது. தோற்ற பிறகு பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருந்தான், பயிற்சியாளர் திட்டும்போது கண்ணைப் பார்த்தானா, பேட்டியில் 'நான்' என்றானா 'நாங்கள்' என்றானா என்பதெல்லாம் கணக்குக்கு வருகிறது. கேமரா முகத்துக்கு அருகில் போகப் போக சோஃபாவில் இருப்பவர்கள் எல்லாரும் ஜோசியர்கள் ஆகிறார்கள். "கையில தெறமை இருக்கு மதினி, ஆட்டிட்யூட் சரியில்ல." ஒரு பருவத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டேன் என்று நான் எண்ணவில்லை.

நவம்பர் 4ஆம் தேதி இரவு லாஸ் ஏஞ்சலிஸில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் ஆடின. தென் கலிஃபோர்னியாவின் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ். முந்தைய ஆண்டின் ஹைஸ்மன் கோப்பை, அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது, அவருடையது. அன்றைக்கு அவருடைய அணி 42 புள்ளி எடுத்தது. தடுத்து ஆட வேண்டியவர்கள் தடுக்காததால் எதிரணி 52 எடுத்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் வில்லியம்ஸ் நேராகப் பார்வையாளர் பகுதிக்குப் போய் ஏறி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதார். பக்கத்தில் ஒரு அட்டையைப் பிடித்து மறைக்கப் பார்த்தார்கள். கேமராவுக்கு அதெல்லாம் தடையா? பிறகு பேட்டியில், வீட்டுக்குப் போய் நாயைக் கட்டிக்கொண்டு ஏதாவது நிகழ்ச்சி பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றார்.

அந்த வாரம் முழுக்க அமெரிக்க விளையாட்டு உலகத்தில் அதே பேச்சு. அம்மாவிடம் அழுகிறவன் ஐம்பது பேர் கொண்ட தொழில்முறை அணிக்குத் தலைமை தாங்குவானா? நாயைக் கட்டிக்கொள்கிறவன் பின்னால் யார் நிற்பார்கள்? எங்கள் வீட்டிலும் அதே தீர்ப்புதான்.

"தோத்தா அழுவுறது தப்பில்ல மதினி. லாக்கர் ரூமுக்குள்ள போய் அழுவட்டும். அம்மா மடியில போயா?"

"ஏன், அம்மா மடி என்ன, தீட்டா?" என்றாள் தங்கை, அடுக்களையிலிருந்து.

பத்து வயதுச் சின்னவன் ஆட்டம் முழுக்க ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கி ஒன்றே ஒன்று கேட்டான்: "அவங்கம்மா எல்லா மேட்சுக்கும் வருவாங்களா?" எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி அது.

வில்லியம்ஸின் நகங்களை முன்னிட்டு ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் நகப்பூச்சு போட்டுக்கொள்வார். அவருடைய அம்மா நகம் அழகுபடுத்தும் தொழில் செய்பவர். அமெரிக்காவில் அது பெரும்பாலும் பெண்களின் தொழில், அதிலும் வியட்நாமிலிருந்து வந்த பெண்கள் ஏராளமாக அதில் இருக்கிறார்கள். சின்ன ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, அடுத்தவர் விரலைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கச் செய்கிற வேலை. அப்பா உழுதால் மகன் கையில் மண் ஒட்டியிருப்பது பெருமை. அம்மா செய்யும் தொழில் மகன் கையில் தெரிந்தால் கேலி. 2022 டிசம்பரில் யூட்டா பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் அவர் எதிரணியைத் திட்டும் ஒரு கெட்ட வார்த்தையை நகங்களில் எழுதிக்கொண்டு வந்தார். தோற்றுப்போனார். அந்த வார்த்தைக்காக யாராவது முகம் சுளித்திருந்தால் எனக்கும் சம்மதம்தான். ஆனால் கேட்டதில் பெரும்பகுதி வார்த்தையைப் பற்றியது அல்ல, நகத்தைப் பற்றியது. அந்த வார்த்தையைத் தலைக்கவசத்தில் எழுதியிருந்தால் வீரம் என்றிருப்பார்கள்.

அழுவதே குற்றம் என்று சொல்ல முடியாது. 2008 செப்டம்பரில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் சொந்த மைதானத்தில் மிசிசிப்பியிடம் ஒரே புள்ளியில் தோற்றது. அதன் குவார்ட்டர்பேக் டிம் டீபோ தொண்டை அடைக்கப் பத்திரிகையாளர் முன் மன்னிப்புக் கேட்டார். இனி இந்தப் பருவம் முழுக்கத் தன்னைப் போல் உழைக்கும் ஒருவனைப் பார்க்கமாட்டீர்கள் என்று வாக்குக் கொடுத்தார். அந்த ஆண்டு அவர்கள் மறுபடி தோற்கவில்லை, சாம்பியன் ஆனார்கள். அவர் பேச்சைப் பட்டயத்தில் பொறித்து மைதானத்தில் வைத்திருக்கிறார்கள். அதே டீபோ அடுத்த ஆண்டு அலபாமாவிடம் தோற்றுக் கன்னத்தில் கண்ணீரோடு நின்றபோது அலபாமா ரசிகர்களுக்குப் பல காலத்துக்குத் தாங்கும் சிரிப்புக் கிடைத்தது. ஆகவே கண்ணீரும் கணக்குப் பார்த்தே எடை போடப்படுகிறது. இன்னும் உழைப்பேன் என்று சபதம் செய்யும் கண்ணீர் வெண்கலத்துக்குப் போகும். எதையும் வாக்களிக்காமல், வெறுமனே வலிக்கிறது என்று அம்மாவிடம் போகும் கண்ணீருக்கு அங்கே இடமில்லை. அதைப் பொம்பளைக் கண்ணீர் என்று நம் ஊரில் பச்சையாகச் சொல்வார்கள். அங்கே 'தலைமைப் பண்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்கிறார்கள்.

கண்ணீர் ஒருபுறம் இருக்கட்டும், சிரிப்பும் தப்பிப்பதில்லை. ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் கேம் நியூட்டன் 2010இல் ஹைஸ்மனும் வாங்கி, சாம்பியன் பட்டமும் வாங்கினார். கறுப்பர், ஆறடி ஐந்தங்குலம், எப்போதும் சிரித்த முகம். அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் முன், பரவலாகப் படிக்கப்பட்ட ஒரு மதிப்பீட்டு அறிக்கை அவருடைய சிரிப்பு போலியானது என்று எழுதியது. மாப்பிள்ளை இதைச் சொன்னபோது நான் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். சிரிப்பை அளக்க இவர்களிடம் என்ன கருவி இருக்கிறது?

டிசம்பரில் பருவம் முடிந்தது. என் மாணவர்களும் என்னை மதிப்பிட்டார்கள். அங்கே எல்லா ஆசிரியர்களுக்கும் அது நடக்கும். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள், கீழே கருத்து எழுத இடம். ஒன்பது பேர் வகுப்பு. எண்கள் நன்றாகவே இருந்தன. கருத்துகளில் ஒன்று, பாடம் தெளிவு, ஆனால் இவர் சிரிப்பதில்லை என்றது. இன்னொன்று, அணுக அச்சமாக இருக்கிறது என்றது. அடுத்த அறையில் வேறொரு மொழி கற்பிக்கும், அறுபதைத் தொட்ட ஆண் பேராசிரியர் என்னைவிடச் சிரிக்காதவர். அவர் தன் தாளைக் காட்டினார்: கறாரானவர், அதனால்தான் கற்றுக்கொண்டோம் என்று இருந்தது. அவரே சங்கடத்தோடு தோளைக் குலுக்கிக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. பென் ஷ்மிட் என்ற வரலாற்றாசிரியர் ஆசிரியர்களைப் பற்றி மாணவர்கள் எழுதிய 1.4 கோடிக் கருத்துகளைச் சொல் சொல்லாகப் பிரித்து 2015இல் வெளியிட்டார். 'மேதை' என்ற சொல் ஆண்களுக்கே அதிகம் விழுந்திருந்தது. 'அதிகாரம் பண்ணுகிறவர்' என்பது பெண்களுக்கு. என் ஊரில் துறைக் கூட்டத்தில் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்டதற்காக எனக்குக் கிடைத்த பெயரைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

கறுப்பர்களான குவார்ட்டர்பேக்குகளின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கியது இந்தச் சிரிப்பிலிருந்துதான். நீண்ட காலம், கறுப்பர்களுக்கு ஓடத் தெரியும், யோசிக்கத் தெரியாது என்று அவர்களை இந்த இடத்திலிருந்து வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வாரன் மூன் என்பவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சொந்த ரசிகர்களின் கூச்சலைக் கேட்டுக்கொண்டே ஆடி 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் ஜெயித்தவர். அப்படியும் அமெரிக்கத் தொழில்முறை அணிகள் அவரைக் குவார்ட்டர்பேக்காக எடுக்க ஆர்வம் காட்டாததால் கனடாவுக்குப் போய் ஆடினார். பழைய கதை என்று ஒதுக்க முடியாது. லூயிவில் பல்கலைக்கழகத்தின் லமார் ஜாக்சன் 2016இல் ஹைஸ்மன் வாங்கியவர். 2018இல் தேர்வுக்கு நின்றபோது, பந்தை எறியும் இடம் வேண்டாம், பிடிக்கும் இடத்துக்குப் போகட்டும் என்று அனுபவம் மிக்க ஒரு முன்னாள் அணி நிர்வாகி சொன்னார். 32ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அடுத்த ஆண்டே லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிர்வாகி தன் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார்.

அதே 2018இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஓக்லஹோமாவின் பேக்கர் மேஃபீல்ட். வெள்ளையர். கல்லூரிக் கடைசி ஆண்டில் ஒஹாயோவின் மைதானத்தை ஜெயித்துவிட்டு நட்ட நடுவில் தம் கொடியை ஊன்றப் பார்த்தார். கான்சஸ் அணியைப் பார்த்துத் தன் தொடையிடுக்கைப் பிடித்துக் காட்டினார். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டார். ஒரு ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆடவிடாமல் உட்கார வைத்தார்கள். கண்டித்தவர்கள் நிறைய. ஆனாலும் கண்டித்த வாயே 'நெருப்பு', 'போட்டி வெறி' என்ற சொற்களையும் வைத்திருந்தது. மாப்பிள்ளைக்கு அவரை மிகப் பிடிக்கும். "அவன் ஒரு மாதிரி ரௌடிதான் மதினி, ஆனா நம்ம பக்கம் இருந்தா தைரியமா இருக்கும்." நெருப்பு என்ற சொல் யாருக்கு, திமிர் என்ற சொல் யாருக்கு என்று ஒரு அகராதி போட்டால் பாதி அமெரிக்காவைச் சொல்லிவிடலாம்.

இதை வெறும் நிறக் கணக்காக மட்டும் நான் பார்க்கவில்லை. அதற்கு ஜேலன் ஹர்ட்ஸ் காரணம். அலபாமாவின் குவார்ட்டர்பேக், கறுப்பர். 2018 ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்தின் பாதியில், அணி 13–0 என்று பின்தங்கி நின்றபோது, பயிற்சியாளர் அவரை உட்கார வைத்துவிட்டு டுவா டாகோவைலோவா என்ற முதலாமாண்டுப் பையனை இறக்கினார். அந்தப் பையன் கூடுதல் நேரத்தில் 41 கஜம் எறிந்து ஆட்டத்தை ஜெயித்தான். ஹர்ட்ஸ் முகம் சுளிக்கவில்லை. கட்டிப்பிடித்துப் பாராட்டினார். அடுத்த பருவமும் அங்கேயே மாற்று ஆளாக இருந்தார். அந்த டிசம்பரில் டுவா காயப்பட்டபோது இறங்கி அதே ஜார்ஜியா அணியை அதே அட்லாண்டா மைதானத்தில் தோற்கடித்தார். அவரைப் பற்றிப் பேசும்போது மாப்பிள்ளையின் குரல் தழுதழுக்கும். எனக்கும் பிடிக்கும். அவர் 2025இல் சூப்பர் பவுல் ஜெயித்து நாயகன் விருது வாங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து மாப்பிள்ளைக்குச் செய்தி அனுப்பினேன்.

ஆனால் அதே 2018 செப்டம்பரில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் கெல்லி பிரையன்ட் என்பவருக்கு இதேபோல இடம் போனது. முந்தைய ஆண்டு முழுக்க அணியை நடத்தியவர். நான்கு ஆட்டம் முடிந்ததும், இனி தொடங்குவது டிரெவர் லாரன்ஸ் என்ற முதலாமாண்டுப் பையன் என்று சொல்லிவிட்டார்கள். பிரையன்ட் தனக்கு அநியாயம் நடந்தது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அணியை விட்டுப் போனார். அவரும் கறுப்பர்தான். அவருக்குக் கிடைத்த பெயர் ஓடிப்போனவன், அணியைக் கைவிட்டவன்.

நான் இரண்டு கதையையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். இது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடம். புது மருமகள் வந்ததும் சிரித்த முகத்தோடு அடுக்களையை விட்டுக்கொடுக்கும் மூத்தவள். கேட்காமல் இருந்தால் கொடுப்பார்கள், கேட்டால் கொடுக்கமாட்டார்கள். பொறுத்தவள் வீட்டை ஆள்வாள், போனவள் பேரைக் கெடுத்தாள். ரசிகர்கள் நல்ல ஆட்டிட்யூட் என்று சொல்வதைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் பாதி கீழ்ப்படிதல்தான் இருக்கிறது. மைதானத்தில் புலியாக இருக்க வேண்டும், பயிற்சியாளர் முன்னால் மருமகளாக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பளம் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பையன்களோ 2021 ஜூலை வரைக்கும் தம் பெயரையோ முகத்தையோ வைத்து ஒரு காசு சம்பாதிக்கக் கூடாது என்று விதி இருந்தது. இப்போது சம்பாதிக்கலாம். அதிலிருந்து தீர்ப்பின் குரலும் தடித்துவிட்டது. "காசு வாங்குறான்ல, வாங்கிக் கட்டிக்கட்டும்" என்று மாப்பிள்ளை ஒருமுறை சொன்னார். கூலி கொடுத்ததும் வசவுக்கும் உரிமை வந்துவிடுகிறது என்பது வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் எல்லாரும் நம்புகிற தர்மம்.

இவ்வளவு நுணுக்கமாக ஒரு பையனின் குணத்தை அலசுகிறார்களே, அதில் எது எடைக்கு வருவதில்லை என்று ஒரு சனிக்கிழமை தெரிந்தது. தங்கையின் மூத்த மகளுக்கு அப்போது பதினேழு. அடுத்த ஆண்டு கல்லூரி. சாப்பாட்டு மேசையில் அவளுடைய பட்டியல். அப்பாவுடைய பட்டியல் வேறு, அதில் இருந்த பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் பெரிய மைதானம் உண்டு. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் டலஹாசியின் பெயர் வந்ததும், "அங்கதான ஜேமிஸ் வின்ஸ்டன்!" என்று மாப்பிள்ளை சிரித்தார். நண்டுக் கதையைச் சொன்னார். 2013இன் ஹைஸ்மன் நாயகன், 2014 ஏப்ரலில் ஒரு கடையிலிருந்து முப்பத்திரண்டு டாலர் நண்டுக் கால்களைக் காசு கொடுக்காமல் எடுத்துவந்து மாட்டிக்கொண்டது. எதிரணி ரசிகர்கள் நண்டைக் காட்டிக் கேலி செய்தது. "தெறமை மலை மாதிரி. பொறுப்புதான் கெடையாது. சின்னப்புள்ளத்தனம்."

"இன்னொரு கேஸும் உண்டே" என்றாள் மகள். பள்ளியில் ஆவணப்படம் ஒன்று போட்டிருக்கிறார்கள்.

உண்டு. பொதுப் பதிவில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். அதே பல்கலைக்கழக மாணவி ஒருவர், 2012 டிசம்பரில் தான் வன்புணர்வுக்கு ஆளானதாகக் காவல்துறையிடம் புகார் செய்தார். அடுத்த மாதம் வின்ஸ்டனை அடையாளம் சொன்னார். வின்ஸ்டன் மறுத்தார். சம்மதத்தோடு நடந்தது என்பது அவர் தரப்பு. செய்தி வெளியே வந்தது 2013 நவம்பரில், அணி தோல்வியே காணாமல் ஓடிக்கொண்டிருந்தபோது. செய்தி வந்ததும் மாணவி வளாகத்தை விட்டுப் போனார். டிசம்பர் 5 அன்று அரசு வழக்கறிஞர் குற்றச்சாட்டுப் பதிவு செய்யப்போவதில்லை என்று அறிவித்தார். ஒன்பது நாள் கழித்து வின்ஸ்டன் கையில் ஹைஸ்மன். ஜனவரியில் சாம்பியன் பட்டம். காவல்துறை ஏறக்குறைய விசாரிக்கவே இல்லை என்று நியூயார்க் டைம்ஸ் 2014 ஏப்ரலில் விரிவாக எழுதியது. அந்த ஆண்டின் இறுதியில் பல்கலைக்கழகம் நடத்திய விசாரணை, அவர் விதிகளை மீறினார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. மாணவி பல்கலைக்கழகத்தின் மேல் தொடர்ந்த வழக்கு 2016 ஜனவரியில் 9,50,000 டாலருக்குச் சமரசமானது. பல்கலைக்கழகம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அவருக்கும் வின்ஸ்டனுக்கும் இடையிலான வழக்கும் சமரசத்தில் முடிந்தது.

நீதிமன்றம் தீர்க்காததை நான் தீர்க்கப் போவதில்லை. நான் பேசுவது ரசிகர்களின் தராசைப் பற்றி. 2014 செப்டம்பரில் வின்ஸ்டன் வளாகத்தில் ஒரு மேசைமேல் ஏறிப் பெண்களை இழிவுபடுத்தும் ஆபாச வாக்கியம் ஒன்றைக் கத்தினார். அதற்கு முதலில் அரை ஆட்டம் தடை, பிறகு ஒரு முழு ஆட்டம். அதையும் ரசிகர்கள் நண்டோடு சேர்த்தே வைத்தார்கள்: முதிர்ச்சியின்மை. எல்லாம் அவனுடைய குணத்தின் வரலாற்றில் சம்பவங்கள். அவனைக் குறித்துச் சொல்லும்போதுகூட அந்தப் பெண் ஒரு ஆளாக வருவதில்லை. நண்டு வருகிறது, அவள் வருவதில்லை. வந்தபோதும் எடை போடப்பட்டது அவள்தான். எதற்காகக் குடித்தாள், எதற்காகப் போனாள், ஹைஸ்மன் நேரம் பார்த்து எதற்காகப் பேசினாள். அவள் பேசியது ஓராண்டுக்கு முன்பே, காவல்துறையிடம். தாமதம் அவளுடையது அல்ல.

அழுத கேலப் வில்லியம்ஸின் தலைமைப் பண்பு பற்றி ஒரு வாரம் விவாதித்த சோஃபாவில் இதை நான் சொன்னேன். மாப்பிள்ளை எதிர்த்துப் பேசவில்லை. நல்ல மனிதர் அவர். பெண் பிள்ளையின் அப்பா. "கோர்ட்ல நிக்கலயே மதினி" என்றார் மெதுவாக. "சரி, நிக்கல. ஒருத்தன் எறிஞ்ச பந்து எதிராளி கையில மாட்டுனா, ஏன் மாட்டுச்சுன்னு மூணு நாள் பேசுவீங்கள்ல, மாப்பிள. இது ஏன் நிக்கலன்னு எவ்ளோ நேரம் பேசினீங்க?" என்றேன். தங்கை அவரைப் பார்க்காமல் தட்டுகளை எடுத்தாள்.

மகள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டலஹாசியை அவள் அடிக்கவில்லை. பேனாவை அந்தப் பெயரின் மேலேயே வைத்திருந்தாள்.

"அப்பா, அந்தாள் எத்தன டச்டவுன் எறிஞ்சான் காலேஜ்ல?"

"ரெண்டு வருஷத்துல அறுபத்தஞ்சு" என்றார், யோசிக்காமல். "டிராஃப்ட்ல மொத ஆளு. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு."

"அந்தப் பொண்ணு டிகிரி முடிச்சாளா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கைபேசியை எடுத்தார்.